நூற்றுக்குப் பன்னிரண்டு

தராசுக்காரருக்குப் பொய் சொல்ல வராது என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது பாதிதான் உண்மை. வாயால் சொல்ல வராது. கையால் அவர் எவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்வார் என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

எடை மிஷின் பழுது பார்ப்பது அவர் தொழில். காய்கறிக் கடை, மருந்துக் கிடங்கு, கூரியர் ஆபீஸ், பழைய இரும்புக் கடை என்று முப்பது வருஷமாக ஊர் முழுக்க அவர் கை படாத தராசு இல்லை. தோளில் ஒரு பை. அதில் ஸ்க்ரூ டிரைவர்கள், முத்திரை போட ஈயக் கம்பி, துணியில் சுற்றிய எடைக்கற்கள். ஒருமுறை பழைய இரும்புக் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, கிலோவுக்கு இருபது கிராம் நம்ம பக்கம் சாயட்டுமே என்று காதோடு கேட்டுவிட்டார். இவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் கடைத்தெரு சும்மா இருக்குமா? வாய்க்கு வாய் வளர்ந்து, கடைசியில் அந்த டீயைக் கடைக்காரர் தலையில் ஊற்றினார் என்பதில் வந்து நின்றது. இல்லை என்று இவரும் மறுக்கவில்லை. கேட்கக் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

இந்த மனிதர்தான் தன் வீட்டு எடை மிஷினைத் திருத்தினார்.

அவருக்கு ஒரே மகள். பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருஷம். சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் குச்சி. பிறந்ததிலிருந்தே அவள் உடம்பு அப்படித்தான். ஓடுவாள், மூன்று மாடி ஏறுவாள், காய்ச்சல் என்று வருஷத்தில் ஒரு நாள் படுத்தால் அதிகம். ஆனால் ஒரு கல்யாண வீட்டில் குச்சியின் சித்தி, நாலு பேர் நடுவில், "என்னக்கா, பொண்ணுக்குச் சோறு கீறு போடறதில்லையா" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டாள். சித்தி அதைக் கேட்டுவிட்டு அடுத்த பந்திக்குச் சாப்பிடப் போய்விட்டாள். குச்சியின் அம்மாவுக்கு அன்று போன தூக்கம் போனதுதான்.

அன்றிலிருந்து வீட்டில் முட்டையும் பாலும் வாழைப்பழமும் குச்சியைத் துரத்தின. தட்டில் மூன்றாவது தடவையாகச் சோறு விழும். வேண்டாம் என்று கையை வைத்து மறைத்தால் கைமேலேயே விழும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் விளக்கினதும் எடை பார்க்க வேண்டும். பழுது பார்க்க வந்து, உடையவர் திரும்ப வராமலே போன ஒரு பெரிய மிஷின் அவர்கள் வீட்டு நடையில், குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதில் குச்சி ஏறுவாள். நாற்பத்திரண்டு என்று சிவப்பு எழுத்தில் வரும். அம்மா அதற்குப் பிறகு அரை நாள் யாரோடும் பேசமாட்டாள்.

தராசுக்காரர் மகளை டாக்டரிடமே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு, இது உடம்புவாகு, ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டருக்குக் காகிதம்தான் தெரியும், பெற்றவளுக்குத்தான் பிள்ளை தெரியும் என்றாள். சண்டை முற்றியது. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் தள்ளிவிட்டுக் குச்சி எழுந்தாள். மூச்சு முட்டுகிறது, அடுத்த மாதத்திலிருந்து ஹாஸ்டலில் சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்தக் கதவுச் சத்தம்தான் தராசுக்காரரைப் பிடித்து ஆட்டியது. மகள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசியிருக்கலாம். மனைவியிடம் குரலை உயர்த்தி ஒரு தடவையாவது, போதும் நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். அதற்கெல்லாம் வாய் வேண்டும். அவருக்குக் கைதான் இருந்தது.

மிஷினுக்கு எடை என்பது நாம் சொல்லிக் கொடுப்பதுதான். இருபது கிலோ கல்லை மேலே வைத்து, இதுதான் இருபது என்று ஒரு பட்டனை அழுத்தினால் அது மனத்தில் வாங்கிக்கொள்ளும். கல்லில் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டு இதுதான் இருபது என்றாலும் அப்படியே நம்பும். கேள்வி கேட்காது. ஒரு நாள் பிற்பகல், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், தராசுக்காரர் நானூறு கிராம் குறைத்து வைத்துப் பட்டனை அழுத்தினார். நூற்றுக்கு இரண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை குச்சிக்கு முக்கால் கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. அவள் அம்மா கைகூப்பிக் கும்பிட்டாள். யாரை என்று தெரியவில்லை, ஆனால் மிஷின் இருந்த பக்கமாகத்தான் கும்பிட்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முக்கால் கிலோ எத்தனை நாளைக்குத் தாங்கும்? அடுத்த மாதம் இன்னும் இரண்டு. அதற்கடுத்த மாதம் இன்னும் இரண்டு. கண்ணை உறுத்தாமல், நல்ல தோட்டக்காரன் தண்ணீர் விடுவதுபோல, அளவாக ஏற்றிக்கொண்டே போனார். ஆறாம் மாதம் நூற்றுக்குப் பன்னிரண்டு. குச்சி நாற்பத்தேழு கிலோ. வீட்டில் சிரிப்புச் சத்தம் திரும்பியது. மூன்றாவது தடவைச் சோறு நின்றது. ஹாஸ்டல் பேச்சே காணோம். நடுவில் ஒரு நாள் எதிர்வீட்டு அம்மா சும்மா ஒரு ஆசைக்கு ஏறிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து இறங்கிப் போய், பத்து நாள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டார். அதைக் கேட்டு வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். தராசுக்காரரும் சிரித்தார். அந்த மிஷினில் ஏறுவது மகள் மட்டும் இல்லை என்பது அப்போதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எல்லாருடைய கண்ணும் குச்சிமேல் இருந்தது.

குச்சி இறங்கினதும் அவள் அம்மா ஏறுவாள். அதை யாரும் கவனிப்பதில்லை. "எனக்கென்ன, அதே அம்பத்தெட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஆறாவது மாதக் கடைசியில் அவளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. உட்கார்ந்த இடத்தில் வியர்த்துக் கொட்டியது. வயது நாற்பத்தெட்டு ஆகிறது, இதெல்லாம் வரும்தான் என்று தள்ளிப்போட்டாள். காய் நறுக்கும்போது கத்தி நழுவி விரலில் பட்ட பிறகுதான் டாக்டரிடம் போகச் சம்மதித்தாள். தராசுக்காரர் வேலைக்குப் போகிற வழியில் பையும் தோளுமாகக் கூடவே போனார்.

சின்ன கிளினிக்தான். வெளிக்கூடத்தில் பத்துப் பதினைந்து நாற்காலிகள், ஒரு மூலையில் நர்ஸின் மேஜை, அதன் பக்கத்தில் எடை மிஷின். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

"அம்பத்தொண்ணு எண்ணூறு" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் எழுதப் போனாள்.

மனைவி சிரித்தாள். கூச்சமில்லாத, உரிமையான சிரிப்பு. "அதை எழுதாதீங்க சிஸ்டர். உங்க மிஷின் தப்பாக் காட்டுது. நான் அம்பத்தெட்டு. போன ஞாயித்துக்கிழமைகூடப் பார்த்தேன்."

வீட்டு மிஷின்தான் தப்பாக இருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். சொன்னதுதான் தாமதம், மனைவி நிமிர்ந்து நின்றாள்.

"எங்க வீட்டு மிஷினா? இவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? இந்த ஊர்ல இருக்கற தராசெல்லாம் இவர் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் சரி. எங்க வீட்டு மிஷின் பொய் சொல்லாது."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியானால் சாரே பார்த்துச் சொல்லட்டும் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளி இடம் விட்டாள்.

தராசுக்காரர் குனிந்தார். பையிலிருந்து ஐந்து கிலோ கல்லை எடுத்து வைத்தார். ஐந்து. இன்னொன்றை எடுத்து வைத்தார். பத்து. ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. அவர் இதுவரை பார்த்த நல்ல மிஷின்களில் ஒன்று அது. ஐம்பத்தெட்டை மனத்துக்குள் நூற்றுப் பன்னிரண்டால் வகுத்தார். ஐம்பத்தொன்று எண்ணூறு. மிஷின் சொன்ன அதே கணக்கு. ஆறு கிலோ இவள் உடம்பிலிருந்து போயிருக்கிறது, அது தன் கண் முன்னால் போயிருக்கிறது, போனது தெரியாமல் தானே மூடி வைத்திருக்கிறோம் என்பது குனிந்த வாக்கில் அவருக்கு விளங்கியது.

அப்போது நிமிர்ந்து உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். பின்னால் பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் காய்கறிக் கடைக்காரர், தெரிந்தவர். மனைவி இடுப்பில் கை வைத்துப் பெருமையோடு நின்றிருந்தாள்.

"தரை சமமா இல்ல" என்றார் தராசுக்காரர். "அஞ்சு ஆறு கிலோ அப்படி இப்படித்தான் காட்டும்."

ஒழுங்காக இருக்கும் ஒரு தராசைத் தப்பு என்று அவர் சொன்னது முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அந்தத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் உருளாது. நர்ஸ் பாவம், தலையாட்டிவிட்டுச் சீட்டில் ஐம்பத்தெட்டு என்று எழுதினாள்.

உள்ளே டாக்டரம்மா கேட்ட இரண்டாவது கேள்வியே, எடை குறைந்திருக்கிறதா என்பதுதான். இல்லவே இல்லை, ஆறு மாதமாக ஒரே எடை என்று மனைவி அடித்துச் சொன்னாள். நன்றாகப் பசிக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றும் சொன்னாள். எடை குறையவில்லை என்றால் பயப்பட ஒன்றும் இல்லை, இந்த வயதில் உடம்பு கொஞ்சம் படுத்தும் என்று டாக்டரம்மா சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். தராசுக்காரர் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அவள், "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல" என்றாள். ஆமாம் என்றார்.

அன்று முதல் அவர் மனைவியைப் பார்க்க ஆரம்பித்தார். இத்தனை நாள் பார்க்காதவரா என்றால், பார்த்தார், ஆனால் மகளை எப்போது அதட்டுவாளோ என்கிற பயத்தில் அவள் வாயை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கழுத்து தெரிந்தது. கழுத்துக்குக் கீழே இரண்டு எலும்புகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். கையைத் தூக்கினால் வளையல் முழங்கை வரை ஓடியது. பாவாடை நாடா முன்பு முடிந்த இடத்தைத் தாண்டி ஒரு சாண் தொங்கியது. டம்ளரைப் பிடிக்கும்போது அவள் விரல்கள் மெல்ல நடுங்கின. இதில் எதைப் பார்க்கவும் தராசு தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

சொல்லிவிட வேண்டும் என்று நாலு நாள் நினைத்தார். நாலு நாளும் அவருக்கு வேறு வேறு வேலை வந்தது. வராத நாளில் அவரே வரவழைத்துக்கொண்டார். மிஷினைச் சரியாக்கிவிட்டால் அதுவே சொல்லிவிடுமே என்று ஒரு யோசனை. ஆனால் ஒரே வாரத்தில் ஆறு கிலோ குறைந்ததாகக் காட்டினால் அவள் பயந்துபோவாள். குச்சிக்கும் ஐந்து கிலோ குறையும். வீடு மறுபடி பற்றிக்கொள்ளும். அப்படியானால் வாரத்துக்கு ஒரு கிலோவாக இறக்கலாமா? ஏற்றினமாதிரியே பதமாக இறக்கினால் ஒன்றரை மாதத்தில் உண்மைக்கு வந்துவிடலாம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். உண்மையைத் தவணையில் சொல்லலாம் என்று நினைக்கிற அளவுக்கு மனிதருக்குப் புத்தி மழுங்கிப்போயிருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் மனைவி எதிர்வீட்டுக்குப் போயிருந்தாள். தராசுக்காரர் நடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மிஷினைத் திறந்து, கற்களைத் துணியிலிருந்து பிரித்தார். நிழல் விழுந்தது. குச்சி கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்து வாசலில் நின்றிருந்தாள்.

"இந்த மாசமும் ஏத்தப் போறீங்களாப்பா?" என்றாள்.

குச்சி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கல்லூரியில் உடம்புப் பரிசோதனை நடந்ததாம். அங்கே நாற்பத்திரண்டு. வீட்டுக்கு வந்து ஏறினால் நாற்பத்தைந்து. இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்காகத்தான் பண்றீங்கன்னு தெரிஞ்சுது. அதான் வாயைத் திறக்கல" என்றாள். "எனக்கு அது சந்தோஷமாக்கூட இருந்துச்சுப்பா. அப்பா நம்ம பக்கம்னு."

தராசுக்காரர் கையில் இருந்த கல்லைத் தரையில் வைத்தார். அம்மாவுக்கு இப்போது உண்மையில் ஐம்பத்திரண்டுகூட இல்லை என்று சொன்னார். கிளினிக்கில் தான் சொன்ன பொய்யையும் சொன்னார். மகளிடம் சொல்ல எப்படி வாய் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. குச்சியின் கண் நிறைந்தது. அம்மாவும் இதில்தான் ஏறுகிறாள் என்பது தனக்கும் தோன்றவில்லையே என்றாள். தன்னைத் தின்னச் சொல்லித் துரத்தின அம்மா என்ன ஆகிறாள் என்று தானும் ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று அழுதாள். அப்பாவும் மகளுமாக அந்தத் திறந்த மிஷினுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அம்மா வந்ததும் சொல்லிடுங்க" என்றாள் குச்சி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நான் கூட இருக்கட்டுமா?"

வேண்டாம் என்றார். அந்த ஒரு விஷயத்திலாவது கொஞ்சம் மானம் மிச்சம் இருந்தது.

கற்களை முழுசாக வைத்து மிஷினுக்கு உண்மையான இருபதைச் சொல்லிக் கொடுத்தார். மூடினார். மனைவி வந்து அடுப்படியில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தபோது போய் எதிரில் நின்றார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவிலிருந்து ஆரம்பித்தார். நூற்றுக்குப் பன்னிரண்டு என்றார். அவளுக்குப் புரியவில்லை. மிஷின் என்றார், ஹாஸ்டல் என்றார், நானூறு கிராம் என்றார். மெல்ல மெல்ல அவளுக்குப் புரிந்தது. அவள் கை நின்றது. உரித்த வெங்காயத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றார். அவள் குரல் ரொம்பச் சன்னமாக வந்தது.

"கண்ணாடியில பார்த்தா எனக்கு எலும்பு தெரிஞ்சுது. ஜாக்கெட்டுக்குள்ள ரெண்டு பேர் நுழையலாம்போல இருந்துச்சு. மிஷின்ல ஏறினா அதே அம்பத்தெட்டு. அப்ப என் கண்ணுதான் பொய் சொல்லுதுன்னு நினைச்சேன். எனக்குத்தான் மூளை கலங்கிப்போச்சு, இல்லாததெல்லாம் தெரியுதுன்னு நினைச்சேன். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. பொண்ணு ஒல்லி ஒல்லின்னு புலம்பிப் புலம்பி இவளுக்கே பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லுவீங்களோன்னு."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் விடவில்லை.

"ஒரு நாள் கேக்கலாம்னுதான் நினைச்சேன், மிஷின் சரியா இருக்கான்னு. உங்ககிட்டயே அதைக் கேக்கறது உங்களை அவமானப்படுத்தற மாதிரி. அதான் விட்டுட்டேன்."

பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். நடுங்குகிற விரல்களால் அவள் தோலைக் கிள்ளிக் கிள்ளி உரிப்பதைத் தராசுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். கூட உட்கார்ந்து உரிக்கலாம் என்று கை நீட்டினார். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நடையில் மிஷின் சரியாக இருக்கிறது, ஒருமுறை ஏறிப் பார் என்று கெஞ்சினார். ஏறமாட்டேன் என்றாள்.

திங்கட்கிழமை காலையில் கிளினிக் திறந்ததும் மூன்று பேரும் போய் நின்றார்கள். கூடம் நிறைந்திருந்தது. தராசுக்காரர் நேராக நர்ஸின் மேஜைக்குப் போனார். "உங்க மிஷின் சரியாத்தான் இருக்கு, சிஸ்டர். தரையும் சமமாத்தான் இருக்கு. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்" என்றார். மெல்லச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் கூடத்து இரைச்சலில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. நாற்காலிகளில் பேச்சு நின்றது. நர்ஸ் அவரைப் பார்த்தாள், பிறகு அவர் மனைவியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் உள்ளே அனுப்பினாள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படுவதற்குக்கூட அவருக்கு நேரமில்லை. எடை எந்த வேகத்தில் இறங்கியது என்பது தெரிந்தாக வேண்டும், மாதா மாதம் சொல்லுங்கள் என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு போனில் கணக்குப் போடத் தயாரானார். அதில்தான் சிக்கல். மிஷின் காட்டின எண் மனைவிக்குத்தான் தெரியும். அதில் எவ்வளவு பொய் என்பது கணவருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால்தான் ஒரு எண் கிடைக்கும்.

"முதல் மாசம்?" என்றார் டாக்டரம்மா.

"அம்பத்தெட்டு" என்றாள் மனைவி.

"நூத்துக்கு ரெண்டு" என்றார் தராசுக்காரர்.

ஐம்பத்தாறு தொள்ளாயிரம் என்று டாக்டரம்மா எழுதினார்.

"ரெண்டாவது மாசம்?"

"அம்பத்தெட்டு."

"நூத்துக்கு நாலு."

ஐம்பத்தைந்து எண்ணூறு.

இப்படியே போனது. அவள் ஒவ்வொரு தடவையும் அதே எண்ணைச் சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. அவர் ஒவ்வொரு தடவையும் இரண்டு கூட்டிச் சொன்னார். ஆறு, எட்டு, பத்து. மகள் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாளில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. செய்யும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தானே என்று தோன்றியது. இப்போது ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லும்போது அது முன்னதைவிடக் கனத்தது. கடைசியாகப் பன்னிரண்டு என்று சொன்னபோது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. டாக்டரம்மா இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார்.

டாக்டரம்மா எழுந்து வந்தார். மனைவியின் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் அந்தத் தாளையே வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், நாடியைப் பிடித்து எண்ணினார். தைராய்டு அளவுக்கு மேல் வேலை செய்கிறது போலிருக்கிறது, இன்றைக்கே ரத்தம் கொடுத்துவிட வேண்டும் என்றார். மருந்து இருக்கிறது, சரியாகிவிடக் கூடியதுதான் என்றும் சொன்னார். மூன்று மாதம் இப்படியே விட்டிருந்தால் இதயத்தைப் பதம் பார்த்திருக்கும் என்று சொன்னபோது அவர் யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காமையைத் தராசுக்காரர் முகத்தில் வாங்கிக்கொண்டார்.

ரத்தம் எடுக்கும் முன்னால் இன்றைய எடையை எழுத வேண்டும் என்று மறுபடி கூடத்துக்கு அனுப்பினார்கள். மனைவி செருப்பைக் கழற்றினாள். ஏறும்போது தடுமாறாமல் இருக்கத் தராசுக்காரர் கையை நீட்டினார். அவள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"அம்பத்தொண்ணு நானூறு" என்றாள் நர்ஸ்.

மனைவி எண்ணைப் பார்க்கவில்லை. முப்பது வருஷம் தராசு பார்த்த மனிதர் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். அவள் அவரைத் தாண்டி நர்ஸைப் பார்த்தாள்.

"சரியாத்தானே காட்டுது சிஸ்டர்? நீங்க சொல்லுங்க."

"சரியாத்தான் காட்டுதும்மா" என்றாள் நர்ஸ்.

அதைக் கேட்ட பிறகுதான் அவள் இறங்கினாள்.